விண்டோஸ் தேடலை விட்டு எவ்ரிதிங்குக்கு மாறுவது: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

விண்டோஸில் ஒரு கோப்பைத் தேடினால் பட்டை ஊர்ந்து ஊர்ந்து போய் கடைசியில் எதுவும் இல்லை என்று கையை விரிக்கும்; கோப்போ டி டிரைவில் அப்படியே உட்கார்ந்திருக்கும். இந்த எரிச்சலுக்கு நான் பலருக்குப் போட்டுக் கொடுத்த மாற்று, வாய்ட்டூல்ஸ் தரும் எவ்ரிதிங் என்ற இலவச மென்பொருள். நிறுவுவது இரண்டு நிமிட வேலைதான். ஆனால் நான் பார்த்தவரையில் தடுக்கி விழுந்தவர்களில் பாதிப் பேர், புதியதை நிறுவிய அன்றே பழையதை அணைத்தவர்கள். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும், எவ்ரிதிங்கின் 1.4 பதிப்பை வைத்து எழுதுகிறேன்.

ஒரு குறிப்பு. தேடல் கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். இங்கே அவற்றை எழுத்து எழுத்தாகச் சொல்கிறேன், அப்படியே ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

1. நீங்கள் தேடுவது பெயரையா, உள்ளே இருப்பதையா?

எதையும் பதிவிறக்கும் முன் இதை முடிவு செய்யுங்கள். எவ்ரிதிங் கோப்பின் பெயர், அது இருக்கும் இடம், அளவு, மாறிய தேதி போன்ற வெளி விவரங்களை மட்டுமே மனப்பாடமாக வைத்திருக்கிறது. கோப்புக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. விண்டோஸ் தேடல் மெதுவாக இருந்தாலும், தான் பட்டியலிட்ட இடங்களில் வேர்டு, பிடிஎஃப் போன்றவற்றின் உள்ளே இருக்கும் சொற்களையும் சேர்த்து வைத்திருக்கும்.

கடைசியாகத் தேடிய பத்துக் கோப்புகளை நினைத்துப் பாருங்கள். ஒரு டி.டி.பி. கடையில் பத்தில் ஒன்பது முறை "போன வருஷம் போட்ட அந்தக் கல்யாணப் பத்திரிகை எங்கே" என்ற மாதிரிதான் இருக்கும், பெயர் போதும். கணக்கர் அலுவலகத்திலோ ஏதோ ஒரு பில்லுக்குள் இருக்கும் ஜிஎஸ்டி எண்ணை வைத்துத் தேடுவார்கள், அவர்களுக்குப் பழைய தேடலும் வேண்டும். நீங்கள் இரண்டாவது வகை என்றால் 10-ஆம் படியோடு நின்றுவிடுங்கள், 11 உங்களுக்கு இல்லை.

2. தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

அட்மின் கடவுச்சொல் வேண்டும். அலுவலகக் கணினி என்றால் அதைப் பார்த்துக்கொள்பவரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள், பாதியில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

அப்புறம், ஒவ்வொரு டிரைவிலும் ரைட் கிளிக் செய்து பிராப்பர்டீஸில் ஃபைல் சிஸ்டம் (டிரைவ் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை) என்ன என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இது வெட்டி வேலை இல்லை. எவ்ரிதிங்கின் வேகத்துக்குக் காரணமே என்டிஎஃப்எஸ் தான்: அந்த வகை டிரைவில் எல்லாக் கோப்புகளின் பெயரும் மாஸ்டர் ஃபைல் டேபிள் என்ற ஒரே பேரேட்டில் இருக்கும். எவ்ரிதிங் ஃபோல்டர் ஃபோல்டராக அலையாமல் அந்தப் பேரேட்டை நேராகப் படித்துவிடுகிறது. அதன் பிறகு என்ன மாறியது என்பதை டிரைவே எழுதி வைக்கும் மாற்றக் குறிப்பிலிருந்து தெரிந்துகொள்கிறது. எஃப்ஏடி32, எக்ஸ்ஃபேட் டிரைவுகளிலும் நெட்வொர்க் டிரைவுகளிலும் இந்த வசதி கிடைக்காது, அவற்றைத் தனியாகச் சேர்க்க வேண்டும். பென்டிரைவுகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான்.

3. எந்த நிறுவியை எடுப்பது

வாய்ட்டூல்ஸின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். தேடுபொறியில் முதலில் வரும் 'இலவசப் பதிவிறக்க' தளங்கள் வேண்டாம், கூடவே வேண்டாத விருந்தாளிகளையும் கொண்டுவரும்.

அங்கே இன்ஸ்டாலர், போர்ட்டபிள், லைட் என்று பல வகை இருக்கும். 64 பிட் இன்ஸ்டாலரை எடுங்கள். 'லைட்' என்ற பெயரைப் பார்த்து இலேசாக இருக்கும் போல என்று அதை எடுப்பவர்கள் உண்டு. லைட்டில் மற்ற மென்பொருள்கள் எவ்ரிதிங்கோடு பேசும் வழி அடைக்கப்பட்டிருக்கும். பின்னால் டாஸ்க்பாரில் தேடல் பெட்டி வைக்கப் பார்த்தால் வேலை செய்யாது. ஏன் என்று தெரியாமல் ஒருவர் அரை நாள் முட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

4. நிறுவும்போது சர்வீஸ் வேண்டுமா என்று கேட்கும் இடம்

நிறுவும்போது வரும் திரைகளில் நின்று படிக்க வேண்டியது ஒன்றுதான்: என்டிஎஃப்எஸ் டிரைவுகளை எப்படிப் படிப்பது என்ற கேள்வி. 'எவ்ரிதிங் சர்வீஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

பேரேட்டைப் படிக்க அட்மின் உரிமை தேவை. சர்வீஸ் இருந்தால் அந்த உரிமை பின்னணியில் ஓடும் அந்தச் சிறு பகுதிக்கு மட்டும் போகும், நீங்கள் பார்க்கும் ஜன்னல் சாதாரணமாகவே ஓடும். அதற்குப் பதிலாக 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்தால், அதிலிருந்து நீங்கள் திறக்கும் மென்பொருள்களும் அட்மின் உரிமையோடு திறக்கும், கோப்பை இழுத்துப் பிடித்து மற்ற மென்பொருளில் போடுவதும் வேலை செய்யாமல் போகும். ஃபோட்டோஷாப்பில் படத்தை இழுத்துப் போட்டுப் பழகியவர்களுக்கு இது பெரிய தலைவலி.

ஒரு எச்சரிக்கை: ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தினால், எவ்ரிதிங் எல்லாருடைய கோப்புப் பெயர்களையும் எல்லாருக்கும் காட்டும். திறக்க முடியாது, ஆனால் பெயர் தெரியும். சில இடங்களில் பெயர் தெரிவதே வம்புதான், யோசித்துப் போடுங்கள்.

முதல் பட்டியல் தயாராகும் நேரம் பற்றிக் கவலை வேண்டாம். தயாரிப்பாளர் தரும் கணக்குப்படி 10 லட்சம் கோப்புகளுக்குச் சுமார் ஒரு நிமிடம் ஆகும், நினைவகத்தில் 75 எம்பி அளவுக்கு எடுக்கும்.

5. எல்லா டிரைவும் வந்துவிட்டதா?

இதைத் தேடத் தொடங்கும் முன்பே பாருங்கள். விட்டுவிட்டால், ஒரு டிரைவ் பட்டியலில் இல்லாமலேயே இந்த மென்பொருள் சரியில்லை என்று முடிவுக்கு வந்துவிடுவீர்கள்.

டூல்ஸ், ஆப்ஷன்ஸ், அதில் இன்டெக்ஸஸ் என்ற பகுதிக்குப் போங்கள். என்டிஎஃப்எஸ் என்ற பக்கத்தில் உங்கள் உள் டிரைவுகள் வரிசையாக இருக்க வேண்டும். தாளில் குறித்ததோடு ஒப்பிடுங்கள். மற்றவற்றுக்கு அதே பகுதியில் ஃபோல்டர்ஸ் என்ற பக்கம் இருக்கிறது. அங்கே எக்ஸ்ஃபேட் ஹார்டு டிஸ்க்கையோ நெட்வொர்க் ஃபோல்டரையோ சேர்க்கலாம், எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும் என்றும் சொல்லலாம். நெட்வொர்க்கில் பெரிய ஃபோல்டர் என்றால் இந்த மறுபார்வை நேரம் எடுக்கும், 5 நிமிடத்துக்கு ஒருமுறை என்று வைத்து எல்லாரையும் படுத்தாதீர்கள். சில மணிநேர இடைவெளி போதும்.

ஒன்டிரைவ் கோப்புகள் மேகத்தில் மட்டும் இருந்தாலும் பெயர் கிடைக்கும், ஏனென்றால் அவற்றின் நிழல் உங்கள் சி டிரைவின் பேரேட்டில் பதிவாகியிருக்கும். கூகுள் டிரைவை ஜி டிரைவ் மாதிரி தனி எழுத்தாக இணைத்திருந்தால் அதை ஃபோல்டர்ஸ் பக்கத்தில்தான் சேர்க்க வேண்டும்.

விலக்கு என்ற எக்ஸ்க்ளூட் பக்கத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். விண்டோஸ் ஃபோல்டரின் குப்பையெல்லாம் வருகிறதே என்று முதல் நாளே பத்து ஃபோல்டரை விலக்கிவிட்டு, பிறகு கோப்பைக் காணோம் என்று தேடுவார்கள். எது தொந்தரவு என்று ஒரு வாரம் பார்த்துவிட்டு விலக்குங்கள்.

6. கைக்குப் பக்கத்தில் ஒரு ஹாட்கீ (எவ்ரிதிங்கைக் கூப்பிடும் விசைச் சேர்க்கை)

இதைச் செய்யாவிட்டால் மூன்றாம் நாளே பழையபடி ஃபோல்டர் ஜன்னலின் மூலையில் தேட ஆரம்பித்துவிடுவீர்கள், பழக்கம் அப்படி.

ஆப்ஷன்ஸில் கீபோர்டு பக்கத்தில் மூன்று வகை ஹாட்கீ இருக்கும். 'டாகிள்' என்பதை எடுங்கள்: ஒருமுறை அழுத்தினால் ஜன்னல் வரும், மறுபடி அழுத்தினால் போகும். 'நியூ விண்டோ'வை எடுத்தால் ஒவ்வொரு அழுத்தலுக்கும் புது ஜன்னலாகத் திறந்து திரை நிறைந்துவிடும்.

எந்த விசை என்பதில்தான் சிக்கல். கன்ட்ரோலும் ஸ்பேஸும் எக்செலில் முழு நெடுவரிசையைத் தேர்வு செய்யும். விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் தமிழ், ஆங்கிலம் மாற்றுவதற்கு வேண்டும். ஆல்ட்டோடு எண் விசைகள், தமிழ் அடிக்க என்எச்எம் ரைட்டர் என்ற மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு வேண்டும். கன்ட்ரோல், ஆல்ட், எஃப் மூன்றும் சேர்ந்தால் வேர்டில் அடிக்குறிப்பு வந்து நிற்கும். நான் கன்ட்ரோல், ஆல்ட், ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து வைத்திருக்கிறேன், இதுவரை எதோடும் மோதவில்லை.

ஆப்ஷன்ஸில் யுஐ பக்கத்தில் 'ரன் இன் பேக்கிரவுண்ட்' என்பதிலும், ஜெனரல் பக்கத்தில் கணினி தொடங்கும்போதே தொடங்கு என்பதிலும் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னணியில் ஓடாவிட்டால் ஹாட்கீயைக் கேட்க அங்கே ஆள் இல்லை.

டாஸ்க்பாரிலேயே பெட்டி வேண்டும் என்பவர்கள் எவ்ரிதிங்டூல்பார் என்ற தனி இலவச மென்பொருளைச் சேர்க்கலாம். எவ்ரிதிங் ஓடிக்கொண்டிருந்தால்தான் அது வேலை செய்யும்.

7. ஒரு வாரம் இரண்டையும் வைத்துக்கொண்டு பழகுங்கள்

பழைய தேடலை இன்னும் தொடவில்லை, சரியா? இந்த வாரம் ஹாட்கீயில் மட்டும் தேடிப் பழகுங்கள். எவ்ரிதிங்கில் கிடைக்காமல் பழையதற்கு ஓட வேண்டி வந்தால், எதற்காக ஓடினீர்கள் என்று குறித்து வையுங்கள். வார இறுதியில் அந்தக் குறிப்புதான் முடிவு சொல்லும்.

முழுப் பெயரும் தேவையில்லை. பெயரின் நடுவில் இருக்கும் துண்டு போதும், இரண்டு மூன்று துண்டுகளை இடைவெளி விட்டு எந்த வரிசையிலும் அடிக்கலாம். எல்லாத் துண்டும் இருக்கும் பெயர் மட்டும் நிற்கும். இரண்டில் ஏதாவது ஒன்று என்றால் நடுவில் | குறி. ஒன்று வேண்டாம் என்றால் அதன் முன்னால் ஒட்டி ! குறி. இடைவெளியோடு சேர்ந்த சொற்றொடர் என்றால் இரட்டை மேற்கோளுக்குள்.

கட்டளைகளில் நான்கு தெரிந்தால் போதும். இ, எக்ஸ், டி என்று அடித்து இடைவெளி இல்லாமல் முக்காற்புள்ளி வைத்து பிடிஎஃப் என்றால் பிடிஎஃப் மட்டும் வரும், பல வகை வேண்டுமானால் நடுவில் அரைப்புள்ளி. சைஸ் என்று அடித்து முக்காற்புள்ளி, > குறி, 500எம்பி என்றால் டிஸ்க்கை அடைத்துக்கொண்டிருக்கும் பெரிய கோப்புகள் வெளியே வரும். டி, எம், முக்காற்புள்ளி, டுடே என்றால் இன்று மாறியவை. எங்கே சேமித்தோம் என்றே தெரியாமல் சேமித்துவிட்ட கோப்பைப் பிடிக்க இதைவிட நல்ல வழி கிடையாது. நான்காவது, டிரைவ் எழுத்தையோ ஃபோல்டர் பாதையையோ முன்னால் அடித்துவிட்டு இடைவெளி விட்டுத் தேடுவது, அந்த இடத்துக்குள் மட்டும் தேடும்.

கோப்பு கிடைத்ததும் என்டர் தட்டினால் திறக்கும், கன்ட்ரோலோடு என்டர் தட்டினால் அது இருக்கும் ஃபோல்டர் திறக்கும்.

இங்கே ஒரு பெரிய ஆபத்து. பட்டியலில் தெரிவது வெறும் பட்டியல் இல்லை, உண்மையான கோப்புகள். ஒரு கடையில் புதிதாகச் சேர்ந்த பையன், 'தேடல் முடிவுகளைச் சுத்தம் செய்கிறேன்' என்று நினைத்து வேண்டாத வரிகளையெல்லாம் தேர்ந்து டெலீட் தட்டிவிட்டான். அத்தனையும் ரீசைக்கிள் பின்னுக்குப் போய்விட்டன. நல்ல வேளை, ஷிஃப்ட்டைச் சேர்த்து அழுத்தவில்லை.

8. தமிழில் பெயர் வைத்த கோப்புகள்

யூனிகோடில் வைத்த பெயர் என்றால் தமிழிலேயே அடித்துத் தேடலாம். ஆனால் எவ்ரிதிங்குக்கு இலக்கணம் தெரியாது. 'மரம்' என்று தேடினால் 'மரத்தடி' வராது. 'மர' என்று நிறுத்துங்கள். பத்திரிகை என்று ஒருவர் வைப்பார், பத்திரிக்கை என்று இன்னொருவர் வைப்பார், 'பத்திரி' என்று தேடினால் இரண்டும் விழும்.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து கணினிக்கு வேறாகத் தெரிபவைதான் உண்மையான தொல்லை. 'ஸ்ரீ' என்ற எழுத்தை ஸ-வில் தொடங்கியும் எழுதலாம், ஶ-வில் தொடங்கியும் எழுதலாம், பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவமாகத்தான் தெரியும். கொ, கோ போன்றவற்றின் துணை எழுத்தும் ஒரே குறியாகவோ கொம்பும் காலும் தனித்தனியாகவோ பதிவாகியிருக்கலாம். ஔ-வுக்குப் பதில் ஒ போட்டு ள சேர்த்தவர்களும் உண்டு. தப்பிக்க எளிய வழி, இந்த எழுத்துகளைத் தவிர்த்துத் துண்டைத் தேர்ந்தெடுப்பது: ஸ்ரீனிவாசனைத் தேட 'னிவாச', கொடைக்கானலைத் தேட 'டைக்கான'.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த காலத்துக் கோப்புகள் இருந்தால் வேறு கதை. வேர்டு, சேமிக்கும்போது முதல் வரியையே பெயராகப் பரிந்துரைக்கும். அப்படியே சேமித்தவர்களின் கோப்புப் பெயர்கள் ஆங்கில எழுத்துக் குவியலாக இருக்கும். எந்த யூனிகோடு தேடலும் அதைப் பிடிக்காது. அதே சொல்லைப் பாமினி விசைகளில், அதாவது ஆங்கில எழுத்துகளாக, அடித்தால் கிடைக்கும். திருமணத்துக்கு ஜே, பி, யூ, கே, இசட், கே. தேடியபின் நல்ல பெயர் வைத்துவிடுங்கள், எஃப்2 அங்கேயே வேலை செய்யும்.

9. 'இருக்கிறது, ஆனால் வரவில்லை' என்றால்

பழுது என்று நினைக்கும் முன் இந்த வரிசையில் பாருங்கள். முதலில் சர்ச் மெனு. மேட்ச் கேஸ், மேட்ச் ஹோல் வேர்டு, ரீஜெக்ஸ் இவற்றில் எதிலாவது டிக் விழுந்திருக்கும். கன்ட்ரோலோடு ஆர் தட்டினால் ரீஜெக்ஸ் விழும், பி தட்டினால் முழுச்சொல் விழும். கை தவறித் தட்டிவிட்டு 'நேற்றுவரை நன்றாக இருந்ததே' என்று கூப்பிடுபவர்கள்தான் அதிகம். அடுத்து அதே மெனுவில் பிக்சர், ஆடியோ என்று வடிகட்டி ஏதாவது தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லை என்றால் 5-ஆம் படி: அந்த டிரைவ் பட்டியலில் இருக்கிறதா, விலக்கு ஏதாவது போட்டீர்களா.

உள்ளடக்கத்தைத் தேட 'கன்டென்ட்' என்ற கட்டளையும் உண்டு. ஆனால் 1.4-இல் அது ஒவ்வொரு கோப்பையும் அப்போதுதான் திறந்து படிக்கும். வெறுமனே அடித்தால் கணினி திணறும். முதலில் ஃபோல்டரையும் கோப்பு வகையையும் சொல்லிக் குறுக்கிவிட்டு அப்புறம் போடுங்கள். மேகத்தில் மட்டும் இருக்கும் ஒன்டிரைவ் கோப்புகள் மேல் இதை ஏவினால், படிப்பதற்காக அவை பதிவிறங்கத் தொடங்கும், டேட்டா போய்விடும்.

10. பழைய தேடலைச் சுருக்குங்கள், இன்னும் அணைக்க வேண்டாம்

ஒரு வாரம் ஆயிற்றா? குறிப்பை எடுங்கள். கன்ட்ரோல் பேனலில் இன்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ் திறந்து, மாடிஃபை தட்டி, தேவையில்லாத இடங்களின் டிக்கை எடுங்கள். ஸ்டார்ட் மெனு அப்படியே இருக்கட்டும், மென்பொருள்களைப் பெயர் அடித்துத் திறக்க அது வேண்டும். அவுட்லுக் இருந்தால் அதுவும் இருக்கட்டும். பில்கள், ஒப்பந்தங்கள் மாதிரி உள்ளே தேட வேண்டிய ஒன்றிரண்டு ஃபோல்டர்கள் இருந்தால் அவையும்.

பிறகு அட்வான்ஸ்டில் ரீபில்ட் தட்டுங்கள். டிக்கை எடுத்ததால் மட்டும் பழைய பட்டியல் கோப்பு இளைத்துவிடாது. ரீபில்ட் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சின்னதாகப் புதிது எழுதும். பெரும்பாலானவர்களுக்கு இங்கேயே வேலை முடிந்தது. பின்னணி உழைப்பு குறைந்துவிடும், உள்ளடக்கத் தேடலும் கையில் இருக்கும்.

11. முழுவதும் அணைப்பது, தேவைப்பட்டால் மட்டும்

பழைய கணினி, மெதுவான ஹார்டு டிஸ்க், உள்ளடக்கத் தேடல் தேவையே இல்லை, கணினியில் நிறுவிய அவுட்லுக்கும் இல்லை. இவை எல்லாம் பொருந்தினால் மட்டும் அணையுங்கள். ஒரு அலுவலகத்தில் வேகம் கூடும் என்று முதல் நாளே அணைத்துவிட்டார்கள், அடுத்த நாள் அவுட்லுக்கில் பழைய மின்னஞ்சலைத் தேடினால் நகரவில்லை, பழி எவ்ரிதிங் மேல் விழுந்தது. கணினியில் சேமித்த மின்னஞ்சல்களைத் தேட, கணினியில் நிறுவும் அவுட்லுக் விண்டோஸ் தேடலைத்தான் நம்பியிருக்கிறது.

சர்வீசஸ் என்ற ஜன்னலைத் திறந்து, விண்டோஸ் சர்ச் என்ற வரியை இரட்டைக் கிளிக் செய்து, ஸ்டாப் கொடுத்து, ஸ்டார்ட்டப் டைப்பை டிஸேபிள்டு ஆக்குங்கள். ஸ்டாப் மட்டும் கொடுத்தால் கணினியை மறுபடி போடும்போது எழுந்து வந்துவிடும்.

திரும்ப வேண்டுமானால் அதே இடத்தில் ஆட்டோமேட்டிக், டிலேய்டு ஸ்டார்ட் என்று மாற்றி ஸ்டார்ட் கொடுங்கள். அணைத்திருந்த நாட்களில் வந்த கோப்புகளை அது படித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும், அதுவரை தேடல் பாதிதான் காட்டும். மாலையில் போட்டுவிட்டு, கணினி தூங்கிவிடாதபடி செட்டிங்ஸில் மாற்றிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.